சற்று முன்

ஜக்கையன் பொய் சொல்லவில்லை என்பது அந்த ஐப்பசி மாதம் போடிநாயக்கனூரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி இன்னொருத்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இன்னொருத்தி வாயைத் திறக்கவில்லை.

திறக்காதவள் பெயர் அமுதவள்ளி. முப்பத்து நான்கு வயது. சென்னையில் இருக்கிற ஒரு பெரிய தமிழ்ச் செய்தித் தளத்துக்கு முகப்புக் குழுத் தலைவி. படிக்கிறவர் கண்ணுக்குப் படுகிற எழுத்து, படம், பொத்தான், எந்தச் செய்தி மேலே எது கீழே, பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது, எல்லாம் இவளும் இவளுக்குக் கீழே ஐந்து பேரும் பார்க்கிற சோலி. நான்கு பேர் சென்னையில். ஐந்தாவது ஆள் கிரேஸ், அமுதவள்ளியைப் போலவே போடிக்காரி. கிரேஸின் அப்பாவுக்கு மெயின் ரோட்டில் ஏலக்காய்க் கடை. அதன் மாடியறையில்தான் இருவரும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். கீழே பெண்கள் காய் தரம் பிரிப்பார்கள். மேலே இவர்கள் செய்தியைத் தரம் பிரிப்பார்கள். வாசனை மட்டும் பொது.

பழைய தளத்துக்குப் பதினான்கு வயது. யார் யாரோ வந்து ஆளுக்கொரு சுவர் எழுப்பிவிட்டு, எதையும் இடிக்காமல் போன வீடு மாதிரி இருந்தது அது. தினம் எழுபது லட்சம் பேர் வந்துபோகிற இடம் என்பதால் ஒருநாள்கூடப் பூட்டிவைத்துவிட்டுப் புதுசு கட்ட முடியாது. ஓடுகிற பஸ்சுக்கு டயர் மாற்றுகிற வேலை. ஒன்பது மாதம் மாற்றினார்கள். ஏழு நொடியில் திறந்த பக்கம் ஒரே நொடியில் திறந்தது. சென்னையில் இவளுக்கு மேலே இருந்த பிரபாகரன், எல்லாரும் இருக்கிற கூட்டத்தில், “அமுதா, போடியில உக்காந்துகிட்டு எங்களையெல்லாம் தூக்கிட்டீங்க” என்றார். அன்றைக்கு அமுதவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெருமையில்தான் தெருவில் பார்த்த போன்களையெல்லாம் வாங்கிப் புதுத் தளத்தை ஏற்றிக் கொடுத்தாள். முதல் போன் எதிர்வீட்டு ஜக்கையனுடையது.

ஜக்கையன் ஜீப் ஓட்டுகிறவர். தினம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பதின்மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு குரங்கணி தாண்டி மேலே ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவார். இருபத்திரண்டு வருட ஓட்டத்தில் ஒருத்தர் காலில் முள் குத்தியதில்லை. ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார். “பயந்தவன் வண்டியிலதான்டா பொம்பளப் பிள்ளைக ஏறும்” என்பார்.

செய்தித் தளத்தில் ‘மலைப்பாதை நிலவரம்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. மாவட்ட நிருபர் காலையில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே பாறை விழுந்திருக்கிறது என்று அதில் போடுவார். சென்னைக்காரனுக்கு அது வெட்டிக் கட்டம். ஜக்கையனுக்குத் தளமே அந்தக் கட்டம்தான். குரங்கணி தாண்டிப் போகிற ஜீப் பாதையில் கேட்டும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. கிளம்பும்போது பார்த்துப் பிரயோசனமில்லை; மழை நாளில் அரை மணிக்கொரு தரம் மலை தன் புத்தியை மாற்றிக்கொள்ளும். அதனால் பாதை பிரிகிற இடத்தில், கடைசி டீக்கடை முன்னால், வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த இடத்தில் சிக்னல் வரும், போகும். பழைய தளம் பாதி நாள் திறக்காது. திறக்கவில்லை என்றால் ஜக்கையன் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு, முதல் வளைவு வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். தளம் திறக்காததே அவருக்கு ஒரு சேதிதான். இது அமுதவள்ளியின் கணக்கில் எங்கேயும் இல்லை.

“இனிமே நெட்டு இல்லாட்டியும் தொறக்கும்ணே” என்று சொல்லித்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “ஒரு தடவ தொறந்தா போதும், போனு அத மடியில முடிஞ்சு வச்சுக்கிரும்.”

“அப்ப நடக்க வேண்டியதில்லங்கிற.”

“நடக்கவே வேண்டியதில்லண்ணே.”

இதைச் சொன்னது அவள் வாய்தான்.

ஐப்பசி இரண்டாவது திங்கட்கிழமை விடியலில் ஜக்கையன் அந்த டீக்கடை முன்னால் நிறுத்தினார். நல்ல மழை. போனைத் திறந்தார். உடனே திறந்தது. ‘குரங்கணி மேல் பாதை: திறந்திருக்கிறது. சற்று முன்.’ முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ராமுத்தாய், பெண்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டு போகிற கங்காணியம்மாள், “பாத எப்படிப்பா?” என்று கேட்டாள். “இப்பத்தான் போட்ருக்கான், தொறந்திருக்குன்னு” என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

நான்காவது வளைவில் பாதையே இல்லை. ராத்திரி பெய்த மழை பாதியை அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஓரத்து மண் சரிந்து, பின்சக்கரம் இறங்கி, ஜீப்பு ஒரு காப்பி மரத்தில் சாய்ந்து நின்றது. மரம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் சிராய்ப்போடு குதித்துத் தப்பினார்கள். ராமுத்தாய்க்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுடைய புருஷன் ஜக்கையன் போனைப் பிடுங்கித் தளத்தைத் திறந்தான். அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. ‘குரங்கணி மேல் பாதை: மூடப்பட்டது. 4 மணி நேரம் முன்.’

எண்ணிப் பார்த்தார்கள். இவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே போட்டாயிற்று. அவ்வளவுதான். பாதை மூடியிருப்பது தெரிந்தும், ஒரு நாள் லோடு போய்விடக் கூடாதென்று பொய் சொல்லிப் பொம்பளைகளை மேலே ஏற்றிக்கொண்டு போனான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தை அழிக்க அவர்களுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஜக்கையன் மாடியேறி வந்தார். சட்டையில் சேறு காய்ந்திருந்தது.

“ஆத்தா, நீயே பாரு. நான் பாக்கறப்ப தொறந்திருக்குன்னுதான் இருந்துச்சு. சத்து முன்னன்னு போட்டிருந்துச்சு. இப்ப மாறிக் கெடக்கு. இதுல பழசப் பாக்க ஏதும் வழி இருக்கா?”

அமுதவள்ளி போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “பாக்கறேண்ணே, நீங்க போங்க” என்றாள்.

அவர் படியிறங்கியதும் தன் போனில் நெட்டை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தாள். காலையில் அவள் பார்த்த பக்கம் அப்படியே வந்தது. காலைச் செய்தி, சாயங்காலம் ஆறு மணிக்கு, ‘சற்று முன்’ என்று நின்றது. நெட் இருந்தால் அந்தச் சொல் தானாக மாறிக்கொண்டே வரும்: அரை மணி முன், இரண்டு மணி நேரம் முன், நேற்று. போன் முடிந்து வைத்த பக்கத்தில் மாறாது. ஜக்கையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் ஒருமுறை திறந்து பார்த்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்துதான் இருந்தது. அந்தச் ‘சற்று முன்’னைத்தான் திங்கட்கிழமை மழையில் போன் அவரிடம் அவிழ்த்துக் காட்டியிருக்கிறது.

பழைய தளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே தேதியும் மணியும் சிவப்பில் அசிங்கமாக இருக்கும். அதை எடுக்கச் சொன்னது சென்னை ஆசிரியர் குழு. ‘சற்று முன்’ என்று இருந்தால் ஜனங்கள் அதிகமாகத் தொடுகிறார்கள் என்றார்கள். எடுத்துவிட ஒப்புதல் கொடுத்தது அமுதவள்ளி. அதுகூடப் பரவாயில்லை. தளம் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்னால் கிரேஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: ‘நெட் இல்லாதபோது இந்த நேரம் உறைந்துவிடும். மணியைப் போடலாமா?’ கீழே அமுதவள்ளியின் பதில் இன்றைக்கும் இருக்கிறது. ‘நெட் இல்லாமல் பார்ப்பவர்கள் நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. அப்புறம் பார்க்கலாம்.’

எழுபது லட்சத்தில் நூற்றுக்கு அரை என்றால் எத்தனை தலை என்று அன்றைக்கு அவள் பெருக்கிப் பார்க்கவில்லை. அந்தத் தலைகளில் ஒன்று எதிர்வீட்டில் இருந்தது.

கிரேஸ் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள். “அக்கா, அதுதானே?” என்றாள்.

“என்னது?”

“நான் எழுதுனேனே.”

“தெரியல. பாக்கணும்” என்றாள் அமுதவள்ளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள்கூடச் சோற்றை ஒரு கை அள்ளிப் போடுவாள். இவள் அதுகூடப் போடவில்லை.

மூன்றாம் நாள் அதைச் சரிசெய்தாள். எட்டு வரி மாற்றம். தேதியும் மணியும் திரும்ப வந்தன. மாற்றத்துக்குத் தலைப்பு ‘நேரக் காட்டல் சீரமைப்பு’ என்று வைத்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிரபாகரன் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினார்.

சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சாக்கு தயாராக இருந்தது. கம்பெனி கேஸ் போடும். குழுவில் ஐந்து பேர் பிழைப்பு. யாரும் சாகவில்லையே. ஊரில் நாலு நாள் பேசுவார்கள், ஐந்தாம் நாள் மறப்பார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுடையது குறுகுறுத்ததோடு வக்கீல் வேலையும் பார்த்தது. வெளியே போகும்போது ஜக்கையன் வீட்டு வாசலைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டாள். சரிந்த ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். பெண்கள் வேறு வண்டியில் ஏறிப் போனார்கள். அவர் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்து, அந்த வண்டி போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொன்னவன் இந்தத் தெருவில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள் ராமுத்தாய் ஆள் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முனியாண்டி கோயிலில் ஜக்கையன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும்; போனில் திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தேன் என்று எரிகிற சூடத்தைக் கையால் அணைக்கட்டும்; அணைத்துவிட்டால் பழையபடி அவர் வண்டியிலேயே ஏறுவோம் என்று. அந்தக் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்தவன் மலையேறித் திரும்பியதில்லை என்பது ஸ்டாண்டு முழுக்க நம்புகிற விஷயம்.

கேட்டதும் அமுதவள்ளிக்கு உயிர் வந்தது. ஜக்கையன்தான் உண்மையைச் சொல்கிறாரே! அணைத்துவிடுவார். நம்பிவிடுவார்கள். முனியாண்டியே முன்வந்து தன் கஷ்டத்தைத் தீர்த்துவைக்கிறார் என்று, வெட்கமில்லாமல், சாமிக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது முடிந்துபோவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. கிரேஸும் கூட வந்தாள்.

நல்ல வெயில். பத்துப் பதினைந்து பெண்கள், ஸ்டாண்டுக்காரர்கள். ராமுத்தாய் ஆட்டோவில் வந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜக்கையன் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு வந்து நின்றார். பூசாரி கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

“சொல்லிட்டு அணைங்கண்ணே, வெரசா” என்றாள் ஒரு பெண். அவள் குரலில் அவரே ஜெயிக்கட்டும் என்கிற ஆசை இருந்தது.

ஜக்கையன் கையை நீட்டினார். நீட்டிய கை சூடத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

“என்னப்பா?” என்றாள் ராமுத்தாய்.

“பாத்தேன்னுதான் நெனைக்கிறேன் கங்காணியம்மா. ஆனா போன்ல அப்படி இல்லங்கிறாக. படிச்சவுக பாத்தாக, அவுகளும் ஒண்ணும் சொல்லல. பதினோரு நாளாத் தூங்கல. ஒருவேள முந்துன நாளு பாத்ததத்தான் அன்னைக்குப் பாத்ததா நெனச்சுட்டேனோ என்னமோ. நிச்சயமாத் தெரியாததுக்கு எப்படிச் சாமிகிட்டக் கைய நீட்டுவேன்?”

கூட்டத்தில் ஒரு மூச்சு இறங்கியது. “பெறகென்ன” என்று ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டான். ராமுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. பொய்யனாக இருந்திருந்தால் அந்த மனிதர் அன்றைக்குத் தப்பித்திருப்பார்.

படிச்சவுக பாத்தாக, ஒண்ணும் சொல்லல. அமுதவள்ளியின் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை. அவரை மலையில் சறுக்க வைத்தது தான் எழுதாமல் தள்ளிப்போட்ட எட்டு வரி. அது தெரியாமல் செய்தது. அவர் கண்ணையே அவர் நம்பாமல் போகவைத்தது தன் வாய். அது தெரிந்தே செய்தது. கிரேஸ் அவள் முழங்கையைத் தொட்டாளா, இவளாகவே நகர்ந்தாளா என்று பிறகு எத்தனை யோசித்தும் தெரியவில்லை. பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே பாத்தது நெசம்” என்றாள். குரல் கீச்சென்று வந்தது. “தொறந்திருக்குன்னுதான் போன்ல இருந்துச்சு. அது முந்துன நாளு சேதி. அத இப்பத்தான் வந்த சேதி மாதிரி காட்டுனது எங்க தளம். செஞ்சது நானு. அண்ணே போன்ல ஏத்திக் குடுத்ததும் நானு. நெட்டு இல்லாட்டியும் தொறக்கும், நடந்து போய்ப் பாக்க வேண்டியதில்லன்னு சொன்னதும் நானு.”

ஒருத்தி, “என்னடி சொல்றா இவ?” என்று பக்கத்தில் கேட்டாள். அமுதவள்ளி மறுபடி விளக்கினாள். முடிந்து வைத்த பக்கம், மாறாத நேரம். சொல்லச் சொல்ல அது ஒரு சமாளிப்பு மாதிரித் தனக்கே கேட்டது.

ராமுத்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள். “இந்தா, கம்ப்யூட்டர் கதையெல்லாம் எங்களுக்கு வெளங்காது. எதுத்த வீட்டுக்காரன்னு காப்பாத்த வந்தியோ என்னமோ. நீ சொல்றது நெசம்னா சூடத்த நீ அணை.”

சூடம் பாதி கரைந்து, கல்லில் கறுப்பாக ஓடியிருந்தது. அமுதவள்ளி உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுட்டது. எடுக்காமல் வைத்திருந்தாள். பூசாரிதான் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

“யாத்தே!” என்றது ஒரு குரல். ஸ்டாண்டுக்காரர்களில் இரண்டு பேர் ஜக்கையனின் தோளைத் தொட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் பாத்தேன்” என்றார் கைகளுக்குள்ளிருந்து. “நான் பாத்தேன், பாத்தேன்.”

அமுதவள்ளிக்கு அழுகை வந்தது. எங்கோ ஒரு மூலையில், முடிந்துவிட்டது என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது.

ராமுத்தாய் அவள் கையைப் பிடித்துத் திருப்பிச் சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். கோபமில்லாமல், பெற்ற மகளிடம் கேட்பது போலக் கேட்டாள்:

“பாவம், நீ என்ன செய்வ, தெரியாமச் செஞ்சது. ஒனக்கு இது எப்பத்தா தெரிஞ்சது?”

கூட்டம் முழுக்க அவளுக்காகக் கனிந்து நின்றது. மன்னிப்பு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. இப்பத்தான், என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. சற்று முன். ஒன்பது மாதம் உட்கார்ந்து அவள் அழகுபடுத்திய சொல் அதுதான்.

கிரேஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்” என்றாள் அமுதவள்ளி. “பதினோரு நாளாத் தெரியும்.”

ராமுத்தாய் அவள் கையை விட்டாள். ஜக்கையன் முகத்திலிருந்து கைகளை எடுத்தார். அவளைத் திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவளும் அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

“நான் மாடியேறி வந்து கேட்டப்பவே?” என்றார்.

“நீங்க படியிறங்குனதும்.”

அவர் எழுந்தார். துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி, “நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துருங்கண்ணே” என்றாள். அதற்குத் தலையாட்டினார். அமுதவள்ளியைத் தாண்டும்போது நின்று, பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“அத எடுத்து விட்டுரு தாயி” என்றார். “நான் நடந்தே போய்ப் பாத்துக்கிறேன்.”

வெந்த கையால் அவள் போனை வாங்கினாள்.